சும்மா எடுத்துப் பார்த்த ஈ.சி.ஜி.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்பு, ஒரு பின்னேரம், நான் செத்துப்போவதாக இருந்தது. எதிர்பாராத காரணங்களால் அது நடைபெறவில்லை.

இரண்டு வாரமாக இந்த மூலையில் பத்திக்குப் பதிலாகக் கூரை ஓட்டு விளம்பரம் வந்ததைக் கவனித்திருப்பீர்கள். நீண்டகால வாசகர் ஒருவர் போன் எடுத்து, "விளம்பரம் நல்லா இருந்தது" என்றார். அவருக்கும் சேர்த்துத்தான் இந்த விளக்கம்.

சாவதற்கான ஏற்பாடுகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. நெஞ்சில் எரிவு. இடது தோளில் ஒரு இழுவை. மூச்சு வந்துகொண்டுதான் இருந்தது — ஆனால் எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. மனைவிக்கு போன் எடுத்து, "பிள்ளையளைப் பாத்துக்கொள்" என்றேன். மூத்தவன் கனடாவில் லொறி ஓட்டுகிறான். இளையவள் கலியாணம் முடித்துக் கொழும்பில் இருக்கிறாள்.

"எந்தப் பிள்ளையள்?" என்று கேட்டாள் மனைவி.

லைன் வெட்டுப்பட்டுவிட்டது.

அப்போது நான் ஒரு ஓட்டோவின் பின்சீற்றில் கிண்ணியாப் பாலத்தின் நடுவில் இருந்தேன். ஓட்டியவர் தவராசா மச்சான். மனைவியின் தமையன். உட்துறைமுகப் பக்கம் படகு எஞ்சின் திருத்துகிற கடை வைத்திருக்கிறார். எஞ்சின்களை ஏற்றி இறக்க ஒரு ஓட்டோவும் வைத்திருக்கிறார். அன்றைக்கு அவர் ஏற்றி வந்த பழுதான எஞ்சின் நான்.

"என்ன மச்சான் செய்யுது?" திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"நெஞ்சு."

"நெஞ்சில என்ன?"

"எல்லாம்."

"பிளக்கில கரி பிடிச்சிருக்கும். ரெண்டு ஏவறை விட்டியெண்டால் சரிவரும்."

ஏவறை — ஏப்பம் — வரவில்லை. அதுவும் பயமாக இருந்தது. ஏவறை கூட வராத அளவுக்கு உள்ளே என்ன நடக்கிறது?

நடந்தது என்னவென்று இப்போது சொல்கிறேன். கிண்ணியாவில் நண்பர் ரஹீமின் வீட்டில் கலியாண விருந்து. அங்கே ஐந்து பேருக்கு ஒரு சஹன் — பெரிய தட்டம் நிறையப் புரியாணி, நடுவில் கோழி. சுற்றிவர இருந்து, அவரவர் தன் பக்கத்தில் இருந்து சாப்பிட வேண்டும். எனக்குப் பக்கத்தில் தவராசா மச்சான். இரண்டு பிடி சாப்பிட்டார். பிறகு தன் பக்கத்துக் கோழியை மெதுவாக என் பக்கம் தள்ளிவிட்டார்.

"எனக்கு ஏலாது மச்சான். பசிக்கேல்ல."

கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தது. அதையும் தள்ளிவிட்டார்.

ஒருவர் ஒரு முடிவு எடுத்தால் அதை மதிக்கிறவன் நான். இரண்டு பேருடைய பங்கையும் முடித்துவிட்டு எழும்பினேன்.

ஆகவே நெஞ்சு எரிந்தது. இப்போது எழுதும்போது எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள்! பாலத்தின் நடுவில், கச்சான் காற்று முகத்தில் அனல் அடிக்க, ஐம்பது வயது தாண்டிய ஒரு மனிதனுக்கு இப்படியெல்லாம் யோசிக்க வருமா? எனக்கு வரவில்லை. எனக்கு வந்ததெல்லாம், என் படத்துக்கு எந்தப் போட்டோவைப் பெரிதாக்குவார்கள் என்ற யோசனைதான். அடையாள அட்டைப் போட்டோவாக இருக்கக் கூடாது.

டவுனுக்குள் வந்ததும் நடு றோட்டில் ஒரு மான். எங்கள் ஊர் மான்களை உங்களுக்குத் தெரியும். கடற்கரைப் புல்லில் இருந்து எழும்பி, மாநகர சபையின் அனுமதி பெற்றவை மாதிரி றோட்டைக் கடப்பவை. இது கடக்கவும் இல்லை. நின்று ஒரு லொத்தர் சீட்டைச் சப்பிக்கொண்டிருந்தது.

"ஹோர்ன் அடியுங்கோ மச்சான்!"

"அடிச்சால் பயந்து ஓடி அடிபட்டிடும். பாவம்."

நான் பாவமில்லை போலும்.

*

ஆஸ்பத்திரி எது என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். இனியும் அங்கே போக வேண்டி வரலாம்.

அவசர சிகிச்சைப் பிரிவில் அன்றைக்குத் தேர்த் திருவிழா மாதிரிச் சனம். கன்னியாப் பக்கம் ஒரு வான் புரண்டு, அதில் வந்த குடும்பம் முழுக்க உள்ளே. கடவுள் புண்ணியத்தில் காயம் சின்னது, சத்தம்தான் பெரிது. "நோயாளியோட ஒராள் மட்டும்" என்று வாசலில் செக்கியூரிட்டி சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த வசனத்தைக் கேட்டபடியே ஆட்கள் கூட்டங்கூட்டமாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

மச்சான் ஓட்டோவை அம்புலன்ஸ் வருகிற வழியிலேயே விட்டுவிட்டு என்னைத் தாங்கிக்கொண்டு வந்தார். நான் நெஞ்சைப் பிடித்தபடி நடந்தேன். என் முகத்தைப் பார்த்த ஒரு தாதி மிஸ்ஸி உடனே ஒரு கட்டிலைக் காட்டினார். முகபாவத்தால் எனக்குக் கிடைத்த முதல் வருமானம் அதுதான்.

"தங்கச்சி, இவருக்கு ஒரு ஈ.சி.ஜி. எடும்!"

தங்கச்சி வந்தாள். பெயர் தர்ஷிகா. கட்டைபறிச்சான் ஊர்ப் பிள்ளை. டொக்டர் இல்லை — டொக்டருக்குப் படிக்கிறவள். பயிற்சிக்கு வந்து ஓரமாக நின்று பார்க்க வேண்டியவளை, அன்றைக்கு இருந்த அமளியில் எல்லாரும் வேலைக்கு இழுத்துவிட்டார்கள். "பிள்ளை, இதை லாபுக்குக் கொண்டு ஓடு!" "தங்கச்சி, இவற்ற கையைப் பிடி!" வானில் வந்த ஒரு அம்மா, "டொக்டர்!" என்று கூப்பிட்டபோது, தர்ஷிகா தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள்.

சில்லு ஒன்று இறுகிப்போன தள்ளுவண்டியில் ஈ.சி.ஜி. மெஷினை இழுத்து வந்தாள். கைக்கு இரண்டு, காலுக்கு இரண்டு கிளிப் மாட்டினாள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். நெஞ்சில் குளிர்ச்சியாக எதையோ பூசி, கொஞ்சம் வயர் ஒட்டினாள்.

"பற்றரிக்கு சார்ஜ் ஏத்துற கிளிப் மாதிரிக் கிடக்கு" என்றார் பக்கத்துப் பிளாஸ்ரிக் கதிரையில் என் செருப்பை மடியில் வைத்துக்கொண்டிருந்த மச்சான். "பாத்துப் பிள்ளை. பழைய பற்றரி. வெடிச்சிடும்."

கடதாசி வெளியே வந்தது. தர்ஷிகா பார்த்தாள். நான் தர்ஷிகாவின் முகத்தைப் பார்த்தேன்.

முகத்தில் எதையும் காட்டாமலிருப்பதற்கு டொக்டர்மாருக்கு எங்கேயோ ஒரு பாடம் நடத்துகிறார்கள். அது கடைசி வருசக் கடைசியில் வருகிற பாடம் போலிருக்கிறது. இவளுக்கு இன்னும் நடக்கவில்லை.

"என்ன பிள்ளை?"

"ஒண்டுமில்லை அங்கிள்" என்று சொல்லிவிட்டு, கடதாசியோடு ஓடினாள்.

ஒன்றுமில்லாததற்கு யாராவது ஓடுவார்களா?

இரண்டு கட்டில் தள்ளி, வானில் வந்த ஒருவரின் நெற்றிக்கு டொக்டர் தையல் போட்டுக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர். சத்தம் போடாத மனிதர். கையை நிறுத்தாமல் கடதாசியை ஒருமுறை பார்த்தார்.

"தர்ஷிகா, இவற்ற இருதயம் வலது பக்கம் இருக்கெண்டு இந்தக் கடதாசி சொல்லுது."

"ஓம் சேர்."

"அப்பிடியும் ஆக்கள் இருக்கினம். இல்லாட்டி நீர் ரெண்டு கைக் கிளிப்பையும் மாத்திக் கொழுவி இருக்கிறீர். எது நடந்திருக்கும் எண்டு நினைக்கிறீர்?"

தர்ஷிகா கடதாசியைத் திருப்பிப் பார்த்தாள்.

"திரும்ப எடும். சரியா எடுத்தனான் எண்டு உமக்கே தெரிஞ்சால் மட்டும் என்னட்டைக் கொண்டு வாரும். இண்டைக்கு எனக்கு நேரமில்லை."

இதில் முதல் பாதியை மட்டும்தான் நான் கேட்டேன். இருதயம் வலது பக்கம்! அதுவரை இடது பக்கம் பிடித்திருந்த கையை மெதுவாக வலது பக்கத்துக்கு மாற்றினேன். நோவும் கூடவே வந்தது. நான் நேர்மையானவன்.

"இவ்வளவு காலமும் பிழையான பக்கத்தைப் பிடிச்சிருக்கிறாய் மச்சான்" என்றார் தவராசா.

தர்ஷிகா திரும்பி வந்தாள். காது சிவந்திருந்தது. கிளிப்பைக் கையில் எடுத்து, "சிவப்பு வலது... மஞ்சள் இடது..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு என் வலது கையைப் பார்த்தாள். எதிரெதிரே நிற்கிறவர்களுக்கு வலதும் இடதும் மாறித்தானே தெரியும்? அவசரத்தில் நானே பலமுறை பஸ்ஸில் பிழையான பக்கம் இறங்கியிருக்கிறேன்.

ஆனால் இது என் இருதயம். ஒரு பின்னேரத்தில் அது இரண்டு தரம் இடம் மாறுவதை என்னால் தாங்க ஏலாது.

"பிள்ளை" என்றேன், சாகக் கிடப்பவனுக்குரிய குரலில். "முதல்ல ஒரு நல்ல ஆளில எடுத்துப் பாருங்கோவன். சரியா வந்தால் பிறகு என்னில எடுக்கலாம்."

அவள் யோசித்தாள். "நாங்களும் அப்பிடித்தான் அங்கிள். ஒராளில ஒராள் எடுத்துத்தான் பழகுறது. ஆனா இஞ்ச இப்ப நல்ல ஆளுக்கு எங்க போறது?"

நான் பக்கத்துக் கதிரையைக் காட்டினேன்.

"இவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. பனடோல் போட்டே நான் பாக்கேல்ல. எஞ்சினைத் தனியத் தூக்கிறவர்."

"எனக்கேன் இது?" என்றார் மச்சான். "ஓட்டோ வழியில நிக்குது. அந்த செக்கியூரிட்டி நிண்டு கத்திறான்."

"ரெண்டு நிமிசம் மச்சான். எனக்காக. நாளைக்கு நான் இல்லாமல் போனால்..."

"நீ எங்க போகப்போறாய், ரெண்டு ஆளின்ட சோத்தை விழுங்கிப்போட்டு" என்று சொன்னாலும், எழும்பினார். சேர்ட்டின் பட்டனைக் கழற்றினார். சேர்ட் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

நான் கட்டிலை விட்டு இறங்கினேன். இருதய நோயாளிகள் இறங்கக் கூடிய வேகத்தை விடக் கொஞ்சம் வேகமாகத்தான் இறங்கினேன் என்று பிறகு சொன்னார்கள். மச்சான் ஏறிப் படுத்தார். நான் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தேன். இப்போது அவருடைய செருப்பு என் மடியில்.

அந்தக் கட்டில் எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

*

தர்ஷிகா இந்த முறை ஆறுதலாகச் செய்தாள். சிவப்பு வலது. மஞ்சள் இடது. இரண்டு தரம் தொட்டுப் பார்த்தாள். பொத்தானை அமர்த்தினாள். கடதாசி வந்தது.

முகம் வெளிறியது.

"திரும்பப் பிழைச்சுப்போச்சு" என்றாள், அழுகிற குரலில்.

"பாத்தீங்களே மச்சான்!" என்றேன். வெற்றிக் குரல்தான். "நல்லகாலம் என்னில எடுக்கேல்ல."

கிளிப் எல்லாவற்றையும் கழற்றி, துடைத்து, முதலில் இருந்து மாட்டினாள். இன்னொரு தரம் எடுத்தாள். இரண்டு கடதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கு அது ஒன்றும் விளங்காது. ஆனால் இரண்டும் ஒரே மாதிரி இருந்தது எனக்கே தெரிந்தது. கோடு நேராக வராமல், வரிசையாகக் கறையான் புற்று எழும்பின மாதிரி.

தர்ஷிகா டொக்டர் நின்ற பக்கம் பார்த்தாள். அவரைச் சுற்றி வான் குடும்பம். 'சரியா எடுத்தனான் எண்டு தெரிஞ்சால் மட்டும்.' அவள் கையில் இருந்தவை சரியா, பிழையா? பிழையென்றால் இரண்டாம் முறையும் எல்லாருக்கும் முன்னால் ஏச்சு. சரியென்றால்...

சரியென்றால் என்ன என்பதை அவள் முகத்தில்தான் நான் முதலில் வாசித்தேன்.

"படம் எடுத்து முடிஞ்சுதே பிள்ளை?" மச்சான் எழும்பி இருந்து, கையில் இருந்த கிளிப்பைக் கழற்றத் தொடங்கினார். "நான் ஓட்டோவை எடுத்து வெளியில விட்டிட்டு வாறன். இவரைப் பாருங்கோ."

"அங்கிள்... உங்களுக்கு இப்ப என்ன செய்யுது?"

"எனக்கு ஒண்டும் செய்யேல்ல. எனக்கில்லை பிள்ளை வருத்தம், அவருக்கு."

"வேர்த்திருக்கு."

"கச்சான் காத்து. ஆருக்கு வேர்க்கேல்ல?"

நான் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். மேலே பெரிய சீலிங் பான் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு வேர்க்கவில்லை.

"கை, தோள் எங்கயும் உளைவு?"

"அது... நேற்று ஒரு எஞ்சின் இழுத்துத் திறந்தனான். அதால இடது பக்கம் கொஞ்சம் உளையுது."

"சாப்பிட்டனீங்களே?"

"பசிக்கேல்ல. காலையில இருந்து வயித்துக்குள்ள ஒரு மாதிரி."

மடியில் இருந்த செருப்பு திடீரென்று பாரமாகிவிட்டது. அந்தக் கோழி! அந்த வட்டிலப்பம்! ஒரு மனிதன் தன் வட்டிலப்பத்தைத் தானாகத் தள்ளிவிடுகிறான் என்றால், பக்கத்தில் இருப்பவன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நான் கேட்டது, "உண்மையாகவே வேண்டாமா?" என்பது மட்டும்தான்.

"சீனி வருத்தம் இருக்கே அங்கிள்?"

"அது கொஞ்சம் கிடக்கு. அது வருத்தமே, பிள்ளை? இந்த ஊரில ஆருக்கில்லை?" என்றபடி மச்சான் ஒரு காலைக் கீழே வைத்தார்.

"இருங்கோ!"

இது தர்ஷிகாதானா? அதுவரை அவள் பேசியது எல்லாம் கேள்விக்குறியோடு முடிந்தது. இது அப்படி முடியவில்லை. மச்சான் வைத்த காலைத் திரும்பத் தூக்கிக்கொண்டார். எதிர்க்கட்டில்காரரும் காலைத் தூக்கிக்கொண்டார்.

"எழும்பக் கூடாது. ஒரு அடியும் நடக்கக் கூடாது. அங்கிள், நீங்கள் இவரைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ."

நான் பிடித்தேன். நாடகமாக இருந்தால் தைரியமாகப் பிடித்தேன் என்று எழுதலாம். உண்மையில் நான் விழாமலிருக்கத்தான் அவரைப் பிடித்தேன்.

தர்ஷிகா கடதாசியோடு டொக்டருக்குப் பின்னால் போய் நின்றாள்.

"சேர்."

"சரியா எடுத்தனீரே?" திரும்பவில்லை.

"ஓம் சேர்."

"தெரியுமோ?"

அவள் இரண்டு கடதாசியையும் இன்னொருமுறை பார்த்தாள். எனக்கு அந்தக் கணம் கிண்ணியாப் பாலத்தை விட நீளமாக இருந்தது.

"தெரியும் சேர். ரெண்டு தரம் எடுத்தனான். சரியாத்தான் எடுத்தனான்."

டொக்டர் தலையைத் திருப்பினார். பார்த்தார். கடதாசியைக் கையில் வாங்கி இன்னொரு தரம் பார்த்தார்.

"அந்த நெஞ்சு நோக்காரருடையதோ?"

"இல்லை சேர். அவரோட கூட வந்தவற்ற."

டொக்டர் தையல் ஊசியைப் பக்கத்தில் நின்ற இன்னொருவர் கையில் கொடுத்தார். ஓடவில்லை. ஆனால் நடந்தது எப்படி என்று எனக்குத் தெரியாது; அடுத்ததாக நான் பார்த்தபோது கட்டிலடியில் நின்றார். அவருக்குப் பின்னால் இரண்டு மிஸ்ஸிமார். ஒருவர் என்னைக் கதிரையோடு சேர்த்து இழுத்து ஓரத்தில் வைத்தார்.

மச்சானுக்கு வந்திருந்தது ஹார்ட் அட்டாக். சத்தம் போடாத வகை. சீனி வருத்தக்காரருக்கு, அதாவது நீரிழிவு உள்ளவர்களுக்கு, சிலவேளை நெஞ்சு நோவே இல்லாமல் வருமாம். சினிமாவில் வருகிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதெல்லாம் எல்லாருக்கும் இல்லையாம். எங்கள் இருவருக்குள் சினிமாப் பகுதியை நான் எடுத்துக்கொண்டேன். வருத்தத்தை அவர் எடுத்துக்கொண்டார். விருந்திலும் இப்படித்தான் பங்கு பிரித்தோம்.

டொக்டர் குனிந்து மெதுவாகப் பேசினார். "ஐயா, இருதயத்துக்குப் போற குழாய் ஒண்டு அடைச்சிருக்கு. கரைக்கிற ஊசி இப்பவே போடவேணும். சிலருக்கு அது வேற இடத்தில இரத்தம் கசியப் பண்ணும். ஆனா போடாமல் விட்டால் அதைவிட ஆபத்து. என்ன சொல்லுறீங்கள்?"

மச்சான் மேலே சுற்றுகிற பானைப் பார்த்தார்.

"லைன் அடைச்சிருந்தால் எஞ்சின் ஓடாது சேர். போடுங்கோ."

பிறகு என்னைத் தேடினார். கிட்டப் போனேன்.

"மச்சான்... பவளத்துக்கு இப்ப சொல்லாதை. பயந்திடுவாள்."

பவளம் அவருடைய மனைவி. அந்தக் குரலில் பகிடி இல்லை. முப்பது வருசப் பழக்கத்தில் பகிடி இல்லாத தவராசாவை நான் கண்டதில்லை. கையைப் பிடித்தேன். ஈரமாக, குளிர்ந்துபோயிருந்தது. கிழமைக்கு ஒருதரம் உங்களுக்கு ஒரு பக்கம் கதை சொல்கிறவனுக்கு, தேவைப்பட்ட நேரத்தில் ஒரு வசனம் வரவில்லை!

"ஓட்டோவை நான் பாக்கிறன்" என்றேன்.

"நீ தொடாதை" என்றார். கொஞ்சம் தெம்பு வந்தது — இருவருக்கும்.

*

ஊசி ஏறியது. "தர்ஷிகா, நீர் இதிலேயே நில்லும். மொனிற்றரில இருந்து கண்ணை எடுக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, டொக்டர் மீண்டும் வான் குடும்பத்திடம் போனார். அவள் மொனிற்றரைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவளைப் பார்ப்பது எனக்கு லேசாக இருந்தது. அந்த முகத்தைத்தான் எனக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது.

திடீரென்று மெஷின் கத்தியது. திரையில் ஒரு கோடு நேராகப் படுத்துவிட்டது.

நானும் கத்தினேன். மெஷினை விடச் சத்தமாக. வான் குடும்பம் கூடத் தன் சத்தத்தை நிறுத்தித் திரும்பிப் பார்த்தது.

தர்ஷிகா குனிந்து, மச்சானின் விரலில் இருந்து கழன்று விழுந்திருந்த கிளிப்பை எடுத்து மாட்டினாள். கோடு எழும்பிவிட்டது.

"மூக்குச் சொறிஞ்சனான்" என்றார் மச்சான்.

"அங்கிள்" என்றாள் தர்ஷிகா என்னிடம். "நீங்கள் கொஞ்சம் வெளியில நிக்கிறீங்களே?"

இருதய நோயாளியாக உள்ளே வந்து, இடைஞ்சல் என்று வெளியே அனுப்பப்பட்டவன் அன்றைக்கு நான் ஒருவன்தான்.

வெட்டுப்பட்ட அந்தப் போனை வைத்தே ஆஸ்பத்திரி என்று ஊகித்து, வாசலில் என் மனைவி ஓடி வந்துகொண்டிருந்தாள். கூடவே பவளம் மச்சாள். என் மனைவிக்குத் துணைக்கு வந்தவள், பாவம். வரும்போதே என் மனைவியின் கையைப் பிடித்து, "ஒண்டும் நடக்காது, அழாதை" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மனைவி என்னைக் கண்டாள். மேலிருந்து கீழ் பார்த்தாள். என் கையில் இருந்த செருப்பைப் பார்த்தாள்.

"நீங்கள் ஏன் நிக்கிறீங்கள்?" என்றாள்.

நல்ல கேள்வி. விடை சொல்லத்தான் ஏலவில்லை. கண்ணாடிக் கதவுக்குள் கட்டிலைக் காட்டினேன். இரண்டு பேரும் பார்த்தார்கள். பவளம் மச்சாள் பிடித்திருந்த கையை விட்டாள். பிறகு என் மனைவி அந்தக் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "ஒண்டும் நடக்காது" — இப்போது ஆள் மாறிச் சொன்னாள்.

செக்கியூரிட்டி, "ஒராள் மட்டும்" என்று வாயைத் திறந்தார். பவளம் மச்சாளின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

இருட்டுவதற்கு முன்பு டொக்டர் வெளியே வந்து, குழாய் திறந்துகொண்டு வருகிற மாதிரித் தெரிகிறது என்றார். தெரிகிற மாதிரி, வருகிற மாதிரி... டொக்டர்மார் ஏன் ஒரு வசனத்தை நேராகச் சொல்ல மாட்டார்கள்? ஆனால் அந்த வளைந்த வசனத்தைக் கேட்டுத்தான் பவளம் மச்சாள் முதல்தரமாக நிலத்தில் குந்தி அழுதாள்.

அதற்குப் பிறகுதான் யாருக்கோ என் ஞாபகம் வந்தது. ஆட்கள் இருக்கிற நீள வாங்கில் படுக்கவைத்து, தர்ஷிகாவே ஒரு ஈ.சி.ஜி. எடுத்தாள். சிவப்பு வலது, மஞ்சள் இடது — இந்த முறை வாய்க்குள் சொல்லவில்லை.

"நோர்மல் அங்கிள். இருதயம் இடது பக்கம்தான் இருக்கு."

"இப்ப நெஞ்சு நோ எப்பிடி?" என்று கேட்டாள். யோசித்தேன். அந்த நோவை நான் எங்கே விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

*

மச்சானைப் பிறகு வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அடைத்த இடத்தில் சின்ன வலை ஒன்று வைத்தார்கள். அனுப்புவதற்கு முதல்நாள் வார்ட்டுக்கு தர்ஷிகா வந்தாள்.

"இந்தப் பிள்ளை என்னை வச்சுத்தான் பழகினது" என்று மச்சான் பக்கத்துக் கட்டில்காரருக்கு அறிமுகம் செய்தார்.

"டொக்டர் பிறகு என்ன சொன்னவர்?" என்று நான் கேட்டேன். பாராட்டியிருப்பார், கை கொடுத்திருப்பார், பத்திக்கு நல்ல முடிவாக இருக்கும்.

தர்ஷிகா சிரித்தாள். "'அடுத்தமுறை ஒரு தரம் எடுத்தாக் காணும்' எண்டு சொன்னவர்."

அவளுக்கு அது போதுமாக இருந்தது. முகத்தில் தெரிந்தது. அந்தக் கடைசிப் பாடம் இன்னும் நடக்கவில்லை — நடக்காமலே போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது எங்கள் குடும்பத்தில் பழைய செய்தி. வீட்டுக்குள் பல்லி விழுந்தால் முதலில் கதிரையில் ஏறுவது நான். ஆனால் யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு நான் தைரியசாலியாக இருந்திருந்தால்? ஒரு சோடா குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். மச்சான் என்னை இறக்கிவிட்டு, கடையைத் திறந்து, கை உளைய இன்னொரு எஞ்சினைத் தூக்கியிருப்பார். அதற்கு மேல் யோசிக்க எனக்குப் பயமாக இருக்கிறது. பயம் வந்தால் நான் எழுதுவதை நிறுத்திவிடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ரஹீம் எங்கள் வீட்டுக்கு வந்தார். தன் வீட்டுச் சாப்பாட்டால்தான் எல்லாம் வந்தது என்று அவருக்கு மனக்கவலை. "எங்கட சோத்தில ஒரு குறையும் இல்லையே?" என்று மூன்று தரம் கேட்டார். மன்னிப்பாக ஒரு பெரிய சட்டி வட்டிலப்பம். மச்சானும் வந்திருந்தார், சாய்மனைக் கதிரையில் இருந்தார். ஆள் பாதியாகிவிட்டார், வாய் அப்படியே இருக்கிறது.

சட்டியைத் திறந்ததும் மச்சான் நிமிர்ந்தார்.

"எனக்குப் பசிக்குது" என்றார்.

குசினிக்குள் நின்ற பவளம் மச்சாள் வெளியே எட்டிப் பார்த்தாள். என் மனைவி கரண்டியோடு அப்படியே நின்றாள். பசிக்கிறது என்று ஒரு மனிதன் சொன்னதற்கு இவ்வளவு பேர் இவ்வளவு சந்தோசப்பட்டதை நான் கண்டதில்லை.

கொடுக்கவில்லை. அது வேறு கதை. அவருக்கு அவித்த கீரையும், சீனி வருத்தக்காரருக்கு ஏற்ற குரக்கன் ரொட்டியும் வந்தன. அவருடைய பங்கு வழக்கம்போல என்னிடம் வந்தது. அவர் பார்க்கப் பார்க்கச் சாப்பிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் நெஞ்சு லேசாக எரிந்தது. பட்ட பாடத்தை மறக்கக் கூடாதல்லவா? சத்தமாகச் சொன்னேன்.

வீட்டில் இருந்த எல்லாரும் பதறிப்போய்த் திரும்பி... மச்சானைப் பார்த்தார்கள்.